பிழைக்கு ஒரு எண்: பக் டிராக்கர் பிறந்த கதை

மும்பையின் காட்கோபர் ஸ்டேஷனில் மத்திய ரயில்வே லோக்கலை விட்டு இறங்கி, படியேறி, மெட்ரோவுக்கு மாறுகிற காலைக் கூட்டத்தில் லேப்டாப் பை தொங்காத தோளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2014 ஜூன் 8 அன்று ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோ, வெர்சோவா வரையிலான 11.4 கிலோமீட்டரை 12 ஸ்டேஷன்களில் கடக்கிறது. நடுவில் வரும் சாக்கி நாக்கா, மரோல், சக்காலா பக்கமெல்லாம் மென்பொருள் அலுவலகங்கள். 1973-ல் அரசு தொடங்கிய சீப்ஸ் ஏற்றுமதி வளாகமும் அந்தப் பக்கம்தான். இந்திய மென்பொருள் ஏற்றுமதி நடை பழகிய இடம் அது. கரோடியா நகர், பந்த் நகர், காமராஜ் நகர் என்று காட்கோபர் கிழக்கில் வேர் பிடித்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலரும் இந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

போய் உட்கார்ந்ததும் அவர்கள் திறக்கிற முதல் திரை பெரும்பாலும் பிழைப் பட்டியல்தான். "உன் பேர்ல மூணு பக் இருக்கு." "நேத்து போட்டதை டூப்ளிகேட்னு மூடிட்டாங்க." "ரீப்ரொட்யூஸ் ஆகலையாம், ஸ்டெப்ஸ் கேக்கறாங்க." எந்த மொழி பேசுகிற அலுவலகத்திலும் இந்த மூன்று வாக்கியங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பட்டியலை வைத்துக் காக்கிற மென்பொருளுக்குப் பக் டிராக்கர் என்று பெயர். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண், ஒரு தலைப்பு, ஒரு பொறுப்பாளர், இப்போதைய நிலை, அதன் அடியில் அதைப் பற்றி நடந்த பேச்சு அத்தனையும். பார்த்தால் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியாது. ஆனால் இந்த எளிய ஏற்பாடு வந்து சேர ஐம்பது ஆண்டு பிடித்தது.

பிழையைக் குறித்து வைப்பது பழைய வழக்கம். குறித்து வைத்ததை யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம் என்று ஆனதுதான் புதிது. ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் புகார்ப் புத்தகம் ஒன்று இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், எழுதலாம். எழுதிய பிறகு அது அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். அதே படியில் அதே இடத்தில் போன மாதம் எத்தனை பேர் வழுக்கி விழுந்தார்கள் என்பது இன்று விழுந்தவருக்குத் தெரியாது. கணினித் துறையும் பல ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய பூச்சி

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டிய மார்க் 2 என்ற கணினி தகராறு செய்தது. திறந்து பார்த்தால், எஃப் பேனலில் 70-ஆம் எண் ரிலேவுக்குள் ஓர் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டிருந்தது. எந்திரத்தை இயக்கியவர்கள் பூச்சியை எடுத்து, அன்றாடக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, 15.45 என்று மணியையும் எழுதிவைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் பிற்காலத்தில் இந்தக் கதையை ஊர் ஊராகச் சொன்னதால் அது உலகப் புகழ் பெற்றது. அந்தக் குறிப்பேடு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

எல்லோரும் பூச்சியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எப்போது நடந்தது, எந்த இடத்தில் நடந்தது, காரணம் என்ன, அதற்குச் சாட்சி என்ன என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இன்றைக்கும் ஒரு நல்ல டெஸ்டர் எழுதுகிற அறிக்கையில் இவைதான் இருக்க வேண்டும். எழுத்து முறை அன்றே பிறந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்க அந்த அறைக்குத்தான் போக வேண்டும்.

மும்பைக்குப் பெரிய கணினி 1960-ல் வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான இளைஞர் குழு கட்டிய டிஃப்ராக், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரிய மின்னணுக் கணினி. அதன் நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே கொள்ளும். அந்தத் தலைமுறை எந்திரங்களில் கட்டியவரும் நிரல் எழுதியவரும் பழுது பார்த்தவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தூரத்தில் இருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்த பிழை மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களுக்குத் தேடுபொறி தேவைப்படவில்லை.

ஒரே மென்பொருள் நூறு ஊர்களில் ஓடத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. 1964-ல் ஐபிஎம் தன் சிஸ்டம் 360 வரிசையை அறிவித்தது. அதன் மென்பொருளில் வாடிக்கையாளர் கண்ட பிழைகளுக்கு ஏபிஏஆர் என்ற பெயரில் எண்ணிட்ட அறிக்கைகளை நிறுவனம் வைத்துக்கொண்டது. பிழைக்கு எண் கொடுக்கும் வழக்கம் அங்கே வலுப்பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவேடு விற்றவர் கையில் இருந்தது. உங்களுக்கு வந்த சிக்கல் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று தெரிய, விற்றவரைத்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னால் உண்டு.

"வேறு யாரும் சொல்லவில்லையே"

விற்றவர் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை தெராக்-25 காட்டியது. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த இந்தப் புற்றுநோய்க் கதிர்வீச்சு எந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மொத்தம் 11 இடங்களில்தான் இருந்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். காரணம், எந்திரத்தை இயக்கிய மென்பொருளில் இருந்த பிழைகள்.

1986 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒருவர் பாதிக்கப்பட்டார். திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் உருப்படியான விளக்கம் இல்லை. நிறுவனத்தைக் கேட்டபோது, இப்படி அளவு மீறிய விபத்து எங்கும் நடந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்று பதில் வந்தது. ஆனால் அதற்கு முன்பே ஜார்ஜியாவிலும் ஒன்டாரியோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் நோயாளிகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த மாதம் அதே டைலர் மருத்துவமனையில் இன்னொருவர். அதன் பிறகு அங்கிருந்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் எந்திரத்தை இயக்கிய ஊழியருடன் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் செய்துபார்த்து, பிழையை வரவழைத்தார். சிகிச்சை விவரத்தைத் தவறாகத் தட்டிவிட்டு எட்டு நொடிக்குள் வேகமாகத் திருத்தினால் பிழை வந்தது. நிதானமாகத் தட்டினால் வரவில்லை. நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993-ல் எழுதிய ஆய்வு இதையெல்லாம் வரிசையாகப் பதிவுசெய்திருக்கிறது.

பதினோரு மருத்துவமனைகளும் தேடிப் பார்க்கக்கூடிய ஒரே பட்டியல் அன்று இருந்திருந்தால், இரண்டாவது அறிக்கை எழுதப்பட்ட அன்றே இது தற்செயல் இல்லை என்று தெரிந்திருக்கும். தனியாக நிற்கும் புகாரைச் சந்தேகிப்பது எளிது. பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றால் சந்தேகிக்க முடியாது.

தபாலில் வந்த டிராக்கர்

விடை, விற்கிற நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. மென்பொருளை மூலநிரலோடு பகிர்ந்துகொண்டவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஒருவர் பெர்க்லியில் இருப்பார், இன்னொருவர் ஹெல்சிங்கியில் இருப்பார், மாலையில் தேநீர்க் கடையில் சந்திக்க முடியாது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் 1980-களிலேயே "சென்ட்பக்" என்ற சிறு நிரல் இருந்தது. அது ஒரு படிவத்தைத் திறக்கும், நிரப்பினால் மின்னஞ்சலாக அனுப்பும். அனுப்பலாம், அவ்வளவுதான். மற்றவர் அனுப்பியதைப் பார்க்க முடியாது. 1992-ல் சிக்னஸ் நிறுவனத்தில் பிரெண்டன் கெஹோ எழுதிய "நாட்ஸ்" அடுத்த படியை எடுத்து வைத்தது. வந்த அறிக்கை ஒவ்வொன்றும் எண்ணிட்ட கோப்பாகச் சேரும், கட்டளை கொடுத்துத் தேடலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு இதை 2014 வரை வைத்திருந்தது என்றால் அதன் உழைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

1993-ல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளக் குழுவுக்கு இயன் ஜாக்சன் 1994-ல் ஒரு டிராக்கர் எழுதிக் கொடுத்தார். எல்லாமே மின்னஞ்சலில் நடக்கும். ஒரு முகவரிக்குக் கடிதம் எழுதினால் பிழைக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணோடு சேர்ந்த முகவரிக்கு எழுதினால் கடிதம் அந்தப் பிழையின் அடியில் போய்ச் சேரும். மூட வேண்டும் என்றாலும் ஒரு கடிதம். இன்று பார்த்தால் பழைய பாணி. அன்றைய இந்தியாவை வைத்துப் பார்த்தால் அதுவே பெரிய கதவு. இங்கே பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் விஎஸ்என்எல் அதைத் தொடங்கியது. அதற்கு முன் எர்நெட் வலையில் இருந்த கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும் மின்னஞ்சல் எட்டியது. அந்த வலைக்கு உழைத்த முக்கிய இடங்களில் ஒன்று ஜுஹுவில் எஸ். ரமணி தலைமையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். மின்னஞ்சல் இருந்தால் போதும் என்ற டிராக்கர், அப்படிப்பட்ட மெல்லிய கம்பியின் முனையில் இருந்தவரையும் உள்ளே விட்டது.

டெபியன் இன்னொன்றும் செய்தது. 1997 ஜூலையில் அது ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம், பிழைப் பட்டியல் முழுவதையும் எந்நேரமும் பொதுப் பார்வைக்குத் திறந்தே வைப்போம் என்று உறுதி கொடுத்தது. மென்பொருள் உலகில் ஒரு குழு தன் குறைகளின் பட்டியலைத் திறந்து வைப்பதைக் கொள்கையாகவே எழுதி வைத்தது அபூர்வம். வணிகப் புத்தி உள்ளவர்கள் இதைத் தற்கொலை என்பார்கள். முப்பது ஆண்டு ஆகப் போகிறது, டெபியன் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் பிழை எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2023-ல் உலகெங்கும் உள்ள அதன் பங்களிப்பாளர்கள் கொச்சியில் கூடி மாநாடு நடத்தினார்கள்.

நெட்ஸ்கேப் கொடுத்த பெட்டி

1998 ஜனவரியில், மைக்ரோசாஃப்டிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த நெட்ஸ்கேப், தன் பிரவுசரின் மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிடப் போவதாக அறிவித்தது. மார்ச் 31 அன்று திறந்தும் விட்டது. நிரல் வெளியே வந்தாயிற்று, பிழைப் பட்டியல்? அது நிறுவனத்துக்குள் "பக்ஸ்ப்ளாட்" என்ற டிராக்கரில் பூட்டிக் கிடந்தது. வெளியாட்கள் உதவ வேண்டும் என்றால் எதற்கு உதவ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

அந்த நிறுவனத்தில் இருந்த டெர்ரி வைஸ்மேன் புதிதாக ஒன்று எழுதினார். முதலில் டிசிஎல் மொழியில் எழுதினார். நிறையப் பேர் கைவைக்க வேண்டும் என்பதற்காக, பலருக்கும் தெரிந்த பெர்லுக்கு அதை மாற்றினார்கள். 1998 முடிவதற்குள் "பக்ஸில்லா" பொதுச் சொத்தாகிவிட்டது. அடியில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், மேலே சாதாரண வலைப்படிவம். கட்டளை தெரிய வேண்டாம், கடித முறை தெரிய வேண்டாம். பிரவுசர் இருந்தால் போதும், யாரும் தேடலாம், யாரும் பதியலாம். கேனோம், கேடிஇ போன்ற பெரிய திட்டங்களும் டெபியன் பாணி டிராக்கரிலிருந்து இதற்கு மாறின. நெட்ஸ்கேப் திறந்துவிட்ட நிரலிலிருந்து பிறந்த மொசில்லா திட்டத்தின் பக்ஸில்லாவில் பத்து லட்சமாவது எண் 2014-ல் பதிவானது.

பொது டிராக்கர்களில் வேடிக்கைகளும் உண்டு. உபுண்டு இயங்குதளத்தைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஆகஸ்டில் அதன் டிராக்கரில் முதல் எண்ணிட்ட பிழையாகப் பதிந்தது நிரல் கோளாறை அல்ல. சந்தையில் மைக்ரோசாஃப்டே பெரும்பான்மை வைத்திருக்கிறது என்பதைத்தான் அவர் பிழை என்று எழுதினார். பலரும் அதன் அடியில் வாதாடினார்கள். 2013 மே மாதம், கைபேசிகள் வந்து காட்சி மாறிவிட்டது என்று சொல்லி அவரே அதை மூடினார்.

தேடல் தருவது என்ன?

முதல் லாபம், ஒரே பிழையை நூறு பேர் தனித்தனியாகத் துரத்த வேண்டாம். புதிதாக வந்த அறிக்கையை ஏற்கெனவே உள்ளதோடு இணைத்து டூப்ளிகேட் என்று மூடுவார்கள். எழுதியவருக்கு முகம் சுருங்கும். ஆனால் அந்த அறிக்கை வீணாகவில்லை. முதலாமவர் சொல்ல மறந்த ஒரு விவரம் பத்தாமவரிடம் இருக்கும். எது அதிகம் பேரைத் தொல்லை செய்கிறது என்ற கணக்கும் தானாக வந்துவிடும். 2011-ல் வந்த பக்ஸில்லா 4.0, தலைப்பைத் தட்டும்போதே ஒத்த பிழைகளைத் தேடிக் காட்டத் தொடங்கியது. எழுதுவதற்கு முன் தேடு என்ற நல்ல பழக்கத்தை எந்திரமே சொல்லிக் கொடுத்தது.

இரண்டாவது லாபம் இன்னும் பெரியது, பேச்சில் அவ்வளவாக வராதது. பழைய நிரலில் மூன்று வரி புரியாத மாதிரி நிற்கும். தேவையே இல்லை என்று தோன்றும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குக் கை பரபரக்கும், அழித்துவிடலாம் என்று. நல்ல குழுக்களில் அந்த வரிகளைச் சேர்த்த மாற்றத்தின் குறிப்பில் ஒரு பிழை எண் இருக்கும். மொசில்லாவில் மாற்றக் குறிப்புகள் பெரும்பாலும் எண்ணோடுதான் தொடங்கும். அந்த எண்ணைத் திறந்தால், ஆறு ஆண்டுக்கு முன் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது, என்ன வழிகளை முயன்று கைவிட்டார்கள், கடைசியில் ஏன் இந்த மூன்று வரியில் வந்து நின்றார்கள் என்ற முழுக் கதையும் கிடைக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். அவருடைய காரணம் போகவில்லை. ஆட்கள் அடிக்கடி மாறுகிற மும்பை அலுவலகங்களுக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

மூன்றாவது, சரிசெய்ய மாட்டோம் என்ற பதிலும் தகவல்தான். காரணத்தோடு மறுத்த பிழையைத் தேடிக் கண்டுபிடித்தவர், காத்திருக்காமல் வேறு வழி பார்ப்பார். பெரும்பாலும் அந்த வேறு வழியையும் யாராவது அடியிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

திறந்து வைப்பதற்கும் எல்லை உண்டு. திருடன் உள்ளே நுழையப் பயன்படும் ஓட்டையை, அடைப்பதற்கு முன் ஊருக்குச் சொல்ல முடியாது. மொசில்லாவும் அப்படிப்பட்ட பாதுகாப்புப் பிழைகளைச் சரிசெய்யும் வரை மறைத்து வைக்கிறது. அது விதிவிலக்கு. விதிவிலக்கையே விதியாக்கிக்கொள்ளும் நிறுவனங்களைப் பற்றித்தான் கவலை.

உடைந்து நின்ற தமிழ்

2000-களின் நடுவில் தமிழில் இணையத்தில் எழுதியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் ஒரு காட்சி நினைவிருக்கும். மொசில்லாவின் பிரவுசரான ஃபயர்ஃபாக்ஸ் 2-ல் சில தளங்களைத் திறந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியாக நிற்கும். மற்ற தளங்களில் தமிழ் சரியாகவே தெரியும். பத்தியின் இரு ஓரங்களையும் சமமாக வெட்டி நிறுத்தும்படி வடிவமைத்த பக்கங்களில்தான் இந்தக் கோளாறு. இடைவெளியைச் சமன் செய்யும்போது பிரவுசர் எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவிலும் கத்தி வைத்துவிட்டது. தளம் நடத்தியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கை வைத்தியம், அந்த ஓரச் சமனை எடுத்துவிடுங்கள் என்பதுதான்.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. குறிகளை எழுத்தோடு ஒட்டி எழுதும் பிற இந்திய மொழிகளும் இதில் மாட்டிக்கொண்டன. 2008 ஜூன் 17 அன்று வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, எழுத்துகளை அடுக்கும் பகுதியையே புதிதாக எழுதிக்கொண்டு வந்தது. அதோடு தமிழ் ஒட்டிக்கொண்டது.

பெரிய மொழிக்காரர் ஒருவர் முனகினாலே நிறுவனத்தின் காதில் விழும். சிறு சந்தை என்று ஒதுக்கப்பட்ட மொழிகளின் பயனாளர்கள் ஆளுக்கொரு மூலையில் கத்தினாலும் எடுபடாது. ஒரே எண்ணின் கீழ் அவர்கள் எல்லோரும் வந்து சேர முடிந்தால், பத்து மொழிகளின் தனித்தனிச் சிறு புகார்கள் ஒரே பெரிய புகாராகிவிடும். பொது டிராக்கரால் தமிழுக்குக் கிடைக்கிற உண்மையான ஆதாயம் இது.

பூட்டிய டிராக்கர் எப்படியிருக்கும் என்பதற்கு ஆப்பிள் உதாரணம். அதன் "ரேடார்" நிறுவனத்துக்குள் மட்டும். வெளியே உள்ள நிரலாளர் புகார் எழுதலாம், மற்றவர் எழுதியதைத் தேட முடியாது. சலித்துப்போன நிரலாளர்கள், தாங்கள் அனுப்பிய புகாரின் நகலைப் பொதுவில் ஒட்டிவைக்க 2008-ல் டிம் பர்க்ஸ் "ஓப்பன் ரேடார்" என்ற தளத்தைத் தொடங்கினார். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன் செயலிகளைக் கவிழ்த்தது. 19-ஆம் தேதி வெளியிட்ட ஐஓஎஸ் 11.2.6-ல் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. உலகச் செய்தியானதால் வேகம். செய்தியாகாத இந்திய மொழிக் கோளாறுகளின் நிலையைப் பூட்டிய பெட்டிக்கு வெளியே நின்று யாராலும் பார்க்க முடியாது.

பிரிட்டன் அஞ்சல் நிறுவனத்தின் கதை இதைவிடக் கசப்பானது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் சிறு அஞ்சலகங்களில் பணம் குறைவதாகக் காட்டியது. அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் உண்டு. சீமா மிஸ்ரா 2010-ல் கருவுற்றிருந்த நிலையில் சிறைக்குப் போனார். உதவி கேட்டு அழைத்தவர்கள் பலருக்குக் கிடைத்த பதில்: "உங்களுக்கு மட்டும்தான் இப்படி." மென்பொருளைப் பராமரித்த ஃபுஜிட்சுவிடமோ அறிந்த பிழைகளின் பதிவேடு இருந்தது. எண்ணிட்டு, விவரத்தோடு இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடித்தான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளின் பிழைகளை உறுதிசெய்தது. 2021 ஏப்ரலில் மிஸ்ரா உள்பட 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. பதிவேடு இல்லாமல் தெராக்கில் உயிர் போனது. பதிவேடு இருந்தும் தேட விடாததால் ஹொரைசனில் மானம் போனது.

கடைச் சரக்கான பிறகு

2000-க்குப் பிறகு டிராக்கர் எல்லோர் கைக்கும் வந்தது. அந்த ஆண்டு கென்சபுரோ இட்டோ தொடங்கிய மான்டிஸ், காசில்லாமல் நிறுவிக்கொள்ளக் கிடைத்தது. அதே ஆண்டு ஜோயல் ஸ்போல்ஸ்கி தன் ஃபாக்பக்ஸ் மென்பொருளோடு சேர்த்து ஒரு பாடமும் சொன்னார்: என்ன செய்தால் வருகிறது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. இந்த மூன்றும் இருந்தால் அறிக்கை முழுமை. 2002-ல் சிட்னியின் அட்லாசியன் ஜிராவைக் கொண்டுவந்தது. இன்று காட்கோபர் மெட்ரோவில் காதில் விழுகிற பெயர் பெரும்பாலும் அதுதான். சென்னையின் ஜோகோவும் பக்டிராக்கர் ஒன்றை விற்கிறது.

மும்பையின் பங்கும் இதில் இருக்கிறது. காட்கோபரிலிருந்து ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில் பவாய் ஐஐடி. அங்கே படித்த ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் 2011-ல் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக், ஒரு வலைத்தளத்தைப் பலவகை பிரவுசர்களிலும் கைபேசிகளிலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதிக்க வழி செய்தது. "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்ற டெவலப்பரின் நித்திய பதிலுக்கு மும்பை கொடுத்த மறுமொழி அது. அந்த நிறுவனம் 2024-ல் பெர்லினின் பேர்ட் ஈட்ஸ் பக் என்ற பிழை அறிக்கைக் கருவியை வாங்கிக்கொண்டது.

கருவிக்குப் பஞ்சமில்லை. பழக்கத்துக்குத்தான் பஞ்சம். நம் சிறு நிறுவனங்களில் பிழைகள் இன்னும் வாட்ஸ்அப் குழுவில்தான் பிறந்து அங்கேயே மூழ்குகின்றன. திரையைக் கைபேசியில் படம் பிடித்து, "சார், ஒர்க் ஆகல" என்று ஒரு வரி. படத்துக்குள் இருக்கிற பிழைச் செய்தி அடுத்த வாரம் தேடுகிறவர் கண்ணில் படாது. "காலைல போன்ல சொன்னேனே" என்பதும் பதிவாகாது. குழுவை விட்டு ஒருவர் விலகினால் அவரோடு பாதி வரலாறு போய்விடும்.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பிழைச் செய்தி தமிழில் வரும். டிராக்கர்களோ ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ச் செய்தியைத் தட்டித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தமிழாக்கக் குழுக்கள் ஒவ்வொரு பிழைச் செய்தியோடும் மாறாத ஓர் எண்ணையும் காட்டும்படி கேட்டு வாங்கினால், எந்த மொழிக்காரரும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். மொழிபெயர்ப்பில் கலைச்சொல்லுக்காக நாம் போடும் சண்டையில் கால் பங்கை இதற்குச் செலவிடலாம்.

ஆகவே, மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு: உங்கள் பட்டியலைப் பயனாளர் தேடும்படி திறந்து வையுங்கள். குறைகளை மறைத்தவரைத்தான் ஊர் திட்டுகிறது, காட்டியவரை அல்ல. பயனாளர்களுக்கு: கைபேசிச் செயலியில் தமிழ் உடைந்தால் நண்பரிடம் புலம்புவதோடு நிறுத்தாதீர்கள். முதலில் தேடுங்கள். இருந்தால் உங்களுக்குத் தெரிந்த விவரத்தை அதன் அடியில் சேருங்கள். இல்லையென்றால் மூன்றே வரியில் நீங்கள் எழுதுங்கள், செய்தியைப் படமாக அல்லாமல் எழுத்தாகவே தட்டுங்கள். அடுத்து அதே இடத்தில் மாட்டிக்கொள்பவர் உங்களைத் தேடித்தான் வருவார்.